யாருடைய பட்டணம்?
சென்னையைப் பற்றித் தமிழ் எழுத்தில் மாறுபடும் கருத்துகள்

பெருநகரத்தைப் பற்றித் தமிழில் நெடுங்காலமாக இரண்டு கட்சிகள் உண்டு. படிப்பு, பிழைப்பு, விடுதலை எல்லாம் பட்டணத்தில்தான் என்பது ஒரு கட்சி. பட்டணம் போனவன் மனிதத்தன்மையை இழந்துவிடுவான் என்பது மறு கட்சி. பட்டிமன்ற மேடைகள் இந்த வழக்கை அலுக்காமல் நடத்துகின்றன. இரு தரப்புக்கும் நல்ல வாதங்கள் இருப்பதால், இரண்டிலும் உண்மை உண்டு என்று நடுவர் சமாதானம் சொல்லி முடிக்கிறார்.

இலக்கியத்தை வரிசையாக வைத்துப் படிக்கும்போது அந்தச் சமாதானம் போதவில்லை. நகரத்தைப் புகழ்ந்தவர், பழித்தவர் என்று எழுத்தாளர்களைப் பிரிப்பதால் பெரிதாக எதுவும் விளங்குவதில்லை. நகரத்தைக் கைவிட்டுத் திரும்பிப்போக ஓர் ஊர் உள்ளவர் யார், நகரத்தை விட்டால் வேறு இடமே இல்லாதவர் யார் என்று பிரித்துப் பார்த்தால் பல சிக்கல்கள் அவிழ்கின்றன. சென்னையை முன்வைத்து அந்தப் பார்வையில் ஒரு சுற்று வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழக்கு

சென்னைக்கு முன்பே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகள் கொண்டது. அதில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளம்: கடல் வழி வந்த குதிரைகள், வண்டியில் வந்த மிளகு மூட்டைகள், கங்கைக் கரையின் பொருள்கள், ஈழத்து உணவு, பல மொழி பேசுவோர் பகையின்றிக் கூடி வாழும் தெருக்கள். ஆனால் இத்தனையையும் அடுக்கிச் சொல்லும் தலைவன், இந்தப் பட்டினமே கைக்கு வந்தாலும் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்றே தன் நெஞ்சிடம் சொல்கிறான். நகரப் புகழ்ச்சி முழுவதும் ஒரு மறுப்புக்குள் அடங்கியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் மதுரைக்கும் இரு முகங்கள். கோவலன் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் மணிகளும் பொன்னும் கூலமும் குவிந்த கடைவீதிகள் கண்ணைப் பறிக்கின்றன. அதற்கு முந்தைய காதையிலேயே, மதில்மேல் பறக்கும் கொடிகள் வரவேண்டாம் என்று கையசைப்பதுபோல் இளங்கோவடிகள் காட்டிவிட்டார். கணவன் கொலையுண்ட பின் கண்ணகி, இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். ஒரு நகரத்தின் மீது தமிழில் வைக்கப்பட்ட மிகக் கடுமையான குற்றச்சாட்டு இது. கேட்டவள் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரே வாயில் இரு சொல்

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கால் ஊன்றியதிலிருந்து வளர்ந்த சென்னைக்கு வள்ளலார் இராமலிங்கரைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது. 1823-இல் மருதூரில் பிறந்த அவர் பிள்ளைப் பருவத்திலேயே குடும்பத்தோடு இங்கே வந்தார். கந்தகோட்டத்து முருகன்மீது அவர் பாடிய தெய்வமணிமாலை, தருமம் தழைத்த நகரமாகவே சென்னையை விளிக்கிறது. பிற்காலத்தில், பிள்ளைப் பெரு விண்ணப்பத்தில், செல்வம் மிகுந்த சென்னையில் இருந்தால் தொல்லை வரும் என்று அஞ்சிச் சிற்றூர்ப் புறங்களை நாடியதாக அவரே சொல்கிறார். 1850-களின் இறுதியில் நகரத்தை விட்டுப் போனவர், கருங்குழியிலும் பின்னர் வடலூரிலும் தம் பெரும்பணியைச் செய்தார்.

இதை முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. கல்வியையும் புலமைச் சுற்றத்தையும் அவருக்குக் கொடுத்தது சென்னை. பசித்தவருக்கெல்லாம் சோறு என்ற அறத்துக்கு அவருக்கு வேறு நிலம் தேவைப்பட்டது. அவரால் போக முடிந்தது, போனார்.

குழந்தை மட்டும் பார்க்கிற நகரம்

நவீனப் புனைகதையில் சென்னை முழு உருவோடு எழுந்து நிற்பது புதுமைப்பித்தனிடம். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பிராட்வே முனையில் டிராமா, பஸ்ஸா என்று காசுக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறவரிடம் கடவுளே வந்து வழி கேட்கிறார். ஹோட்டலில் அவர் நீட்டும் நோட்டு சந்தேகத்துக்கு உள்ளாகிறது. கந்தசாமிப் பிள்ளையோ தம் வைத்தியப் பத்திரிகைக்கு அவரை ஆயுள் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். ‘மகாமசானம்’ இன்னும் இருண்டது. மாலை நேரத்து மவுண்ட் ரோடில், ஓடும் கூட்டத்தின் நடுவே, நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு கதைகளையும் நகர எதிர்ப்பு என்று வகைப்படுத்துவது வழக்கம். இரண்டிலும் ஒரு குழந்தை இருப்பதை அந்த வகைப்பாடு தவறவிடுகிறது. கடவுளோடு கணக்குப் பார்க்காமல் விளையாடுவது கந்தசாமிப் பிள்ளையின் மகள். சாகிறவரை நின்று பார்ப்பதும் ஒரு குழந்தைதான். அந்தக் குழந்தைகள் நகரத்துக் குழந்தைகள். அவர்கள் நினைத்து ஏங்கக் கிராமம் ஏதும் கதையில் இல்லை. நகரம் மனிதர்களைக் கெடுக்கிறது என்பதைவிட, வளர வளர நகரத்தில் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறோம் என்பதே புதுமைப்பித்தன் சொல்வது. இது நகரத்தைத் திருத்த விரும்புகிறவரின் குரல்.

பிழைக்க வந்தவர்கள்

விடுதலைக்குப் பின் வந்த தலைமுறையில் மூன்று விதமான கருத்துகளைத் தெளிவாகப் பிரிக்கலாம்.

தி. ஜானகிராமனின் ‘உயிர்த்தேன்’ பூவராகன் சென்னையில் சம்பாதித்து, மனம் நிறையாமல், சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி அதைச் செழிக்க வைக்கிறான். நகரம் பணம் தரும், வாழ்வைத் தராது என்ற கட்சிக்கு இதைவிட அழகான நாவல் நம்மிடம் இல்லை. ஆனால் திரும்பிப்போய் வயலைச் சீர்செய்ய முதலில் நிலம் வேண்டும். நகரத்துக்கு வந்த பெரும்பாலோர் நிலம் இல்லாததால் வந்தவர்கள்.

அவர்களைப் பற்றி எழுதியவர் ஜெயகாந்தன். கடலூரிலிருந்து சிறுவனாக வந்து கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவருக்குச் சேரிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் வாசிப்பில் கிடைத்த பாத்திரங்கள் அல்லர். ‘உன்னைப்போல் ஒருவன்’, ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ ஆகியவற்றில் நகரத்தின் கொடுமைக்கு ஒரு குறையும் இல்லை. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் கங்காவுக்கு மழைநாளில் கார் வடிவில் வந்த தீங்கு நகரத்தின் தீங்கு. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்திய பிறகு அவள் தலைநிமிர்ந்து வாழ உதவிய அலுவலக வேலையும் நகரம் தந்ததே. பெண்ணுக்கு நகரம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கேட்போர் கங்காவை இன்னொரு முறை படிக்கலாம்.

மூன்றாவது அசோகமித்திரன். செகந்திராபாதில் பிறந்து 1952-இல் சென்னைக்கு வந்தவர். 2017-இல் மறையும்வரை இந்த நகரத்தின் ஒண்டுக்குடித்தனங்களையும் ஸ்டூடியோக்களையும் பஸ் நிறுத்தங்களையும் அவர் தொடர்ந்து எழுதினார். 1973-இல் நூலான ‘தண்ணீர்’, வறட்சிக் காலத்துத் தெரு ஒன்றின் கதை. அடிபம்பு வறள்கிறது, குடத்தோடு வீடு வீடாக அலைகிறார்கள், குழாய்க்குத் தோண்டிய பள்ளங்களில் தெரு சேறாகிறது. வாழ்வு வெறுத்த ஜமுனாவை டீச்சரம்மா தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தன் நிலையைக் காட்டுகிறாள். அதன்பின் ஜமுனா மீண்டும் குடத்தை எடுக்கிறாள். நகரம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இந்த நாவல் சொல்லவில்லை. அடுத்த வீட்டாரின் துணையால் இங்கே வாழ்ந்தாக வேண்டும் என்கிறது.

அது பழங்கதை ஆகிவிடவில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஏரியும் சதுப்பும் நீரைத் தேக்கி வைத்த நிலத்தில் வீடு கட்டிவிட்டு, மழையில் மிதப்பதும் வெயிலில் தவிப்பதும் ஒரே தவறின் இரு விளைவுகள். அந்த வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து முன்பின் தெரியாதவர்களை மீட்டார்கள். பட்டணத்தில் பக்கத்து வீட்டுக்காரன் முகம்கூடத் தெரியாது என்று குறை சொல்வோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊர் வேண்டாம் என்றவர்கள்

கிராமத்தை இழந்த ஏக்கம் எல்லோருக்கும் பொது என்று நம் இலக்கிய விமரிசனம் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் தலித் சிந்தனையாளர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்ததும் சென்னையில். அச்சகமும் வாசகரும் இருந்த நகரம் அதற்கு இடம் கொடுத்தது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும், 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியதும் இதே நகரத்தில்தான்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை இந்திய வாழ்வின் அடிப்படை அலகாகக் கொண்டாடுவதைக் கடுமையாக மறுத்து, அது குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்றார். பெரியாரும், ஊர் என்றும் நகரம் என்றும் மக்களைப் பிரித்து ஒரு பகுதியை உழைப்பதற்கென்றே ஒதுக்கும் ஏற்பாடு ஒழிய வேண்டும் என்று வாதிட்டார். ஊரில் தெருவைச் சொன்னால் சாதி தெரியும். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. நகரத்தின் முகமற்ற கூட்டத்தைக் குறையாகச் சொல்கிறவருக்கு ஊர் மரியாதை தந்திருக்கும். அது தராதவருக்கு அந்தக் கூட்டம் ஒரு பாதுகாப்பு.

இந்தக் கட்சியையும் மிகைப்படுத்தக் கூடாது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு, அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் சாதியையும் மதத்தையும் சாப்பாட்டு வழக்கத்தையும் அறிய வீட்டுக்காரர்கள் கேட்கும் சுற்றுவழிக் கேள்விகள் தெரியும். தனியாக வாழும் பெண்ணும் இசுலாமியரும் அந்த வாசலில் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பஸ்ஸில் மறைந்த சாதி வீட்டு வாசலில் திரும்பி வருகிறது.

நகரத்துக்கு முன்னால் இருந்தவர்கள்

அண்மைக் காலத்தில் வழக்கின் போக்கை மாற்றியவர்கள் சென்னையிலேயே பிறந்தவர்கள். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ (2018) ஆகிய நாவல்களையும், வியாசர்பாடிக் குடியிருப்பு ஒன்றின் சுவரை மையமாக்கிய பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) திரைப்படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘பேட்டை’யின் களமான சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களுக்காக உருவாக்கப்பட்ட பகுதி. அங்கே தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் பட்டணத்துக்கு வந்தவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றித்தான் பட்டணம் வளர்ந்தது.

இந்த எழுத்தில் நகரம் ஒரு சோதனைக் களமாகவோ, ஏங்கித் தவிக்கும் வெளியூராகவோ வருவதில்லை. அது சொந்த ஊர். நகைச்சுவைக் காட்சிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மெட்ராஸ் பேச்சு இங்கே காதலுக்கும் துக்கத்துக்கும் பக்திக்கும் உரிய மொழியாகிறது. தமிழ்ப் புனைகதைக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த பெரும் பேறுகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

இவர்களுடைய குறை என்ன? நெரிசலோ புகையோ அவசரமோ முதலில் வருவதில்லை, வெளியேற்றம் வருகிறது. 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், ஆரம்பத்தில் மக்கள் இருந்த இடத்திலேயோ அருகிலேயோ அடுக்கு வீடுகள் கட்டித் தந்தது. 2000-க்குப் பின் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கு எல்லைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டு வேலை, மீன் வியாபாரம், சுமைத் தொழில், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நகரின் நடுவே இருக்க, வீடு மட்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிய வெளியில் அமைந்தது. வந்தாரை வாழவைக்கும் சென்னை என்று பெருமை பேசும்போது, இருந்தவர்களுக்கு அது என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்பு

இத்தனை கருத்துகளையும் ஒருசேரப் பார்க்கும்போது எனக்கு ஒரு முடிவு உறுதிப்படுகிறது. நகரத்தின் கவர்ச்சி உண்மையானது. ஒரு பெண் தன் சம்பளத்தில் வாழலாம். ஒடுக்கப்பட்டவர் பத்திரிகை நடத்தலாம். தொழிலாளி சங்கம் வைக்கலாம். ஊர் இவற்றைத் தானாகத் தந்ததில்லை. நகரத்தின் குறைகளும் உண்மையானவை. ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் வீட்டு வாசலில் கேட்கப்படும் சாதியையும் பட்டணத்தின் இயல்பு என்று ஏற்க வேண்டியதில்லை. நீரும் நிலமும் யாருக்கு எவ்வளவு என்று மனிதர்கள் எடுத்த முடிவுகள் அவை, மனிதர்களால் மாற்றக்கூடியவை. நகரம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி, போக்கிடம் உள்ளவர்களின் கேள்வி. போக்கிடம் இல்லாதவர்கள் கேட்பது, இந்த நகரத்தில் என் பங்கு எங்கே என்பது. இரண்டில் பின்னதே நம் இலக்கியமும் ஆட்சியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஒரு தலைமுறை வளர்ந்து எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. அவர்களின் கதைகளைக் கேட்டு வாங்கிப் பதிப்பிப்பது பதிப்பாளர்களின் கடமை. அவற்றைப் பரிதாபத்துக்காக இல்லாமல் இலக்கியமாகப் படிப்பது நம் கடமை.