சாணையில் கரைந்த நட்சத்திரம்

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் நத்தைக்கூடு போலச் சுற்றிச் சுற்றி மேலேறும். போன மழைக்காலத்தில் அங்கே ஒரு மேசையில் இரண்டு கத்திகளை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த விசிறித் தலைப்பாகைக்காரர், கோப்பையை எங்கே வைப்பதென்று ஒரு கணம் தயங்கினார்.

ஒன்று என் மாமாவின் பேனாக்கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியுடையது, இரண்டு அலகு. அன்று காலைதான் சாணைக்காரரிடமிருந்து திரும்பியிருந்தது. “பாலீஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிரும் அண்ணாச்சி” என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. அலகில் முகம் பார்க்கலாம். ஆனால் அலகின் அடியில் பொறித்திருந்த முத்திரையில் நட்சத்திரத்தைக் காணோம். மால்டா சிலுவை பாதி, கம்பெனிப் பெயரில் நாலைந்து எழுத்து, அவ்வளவுதான் மிச்சம். நுனியில் மயில்கழுத்து நீலம் படர்ந்திருந்தது. எஃகு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறினால் வரும் நிறம் அது. அதற்குள் பதம் இறங்கிவிடும். இனி அந்த இடத்தில் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. சாணைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பளபளப்பு வேண்டும் என்று கேட்டவன் நான்.

பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவர்கள் செய்வது இரண்டு காரியம்: அடையாளம் காண்பது, புதுப்பிப்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், ஒன்றுக்கு அடுத்தது மற்றது என்பதுபோல. உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று தின்னக்கூடியவை. அடையாளம் காண்பவருக்குச் சாட்சி சொல்வது மேற்பரப்பு. புதுப்பிப்பவர் முதலில் சுரண்டி எறிவதும் அதைத்தான்.

அடையாளம் காணும் வித்தையில் எனக்கு மதிப்பு உண்டு. ராட்ஜர்ஸ் கத்தியில் மகுடத்தின் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ என்றிருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901க்கு முன். ‘துருப்பிடிக்காதது’ என்று பொறித்திருந்தால் 1913க்குப் பின். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கியது அந்த ஆண்டில்தான். கைப்பிடியும் பேசும். பொடிப்பொடியாகக் கரும்புள்ளி தெரிந்தால் எலும்பு, ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். மான்கொம்புப் பிடி என்றால் அது பெரும்பாலும் இங்கிருந்து கப்பலேறிய கடமான் கொம்பு. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு ராட்ஜர்ஸ் கம்பெனி 75 அலகுள்ள நார்ஃபோக் கத்தியை அனுப்பியது. திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியாவுக்குப் பரிசளித்த தந்தச் சிம்மாசனமும் அதே கண்காட்சியில் இருந்தது. நம் தந்தவேலைக்காரனும் அந்த ஊர்க் கத்திக்காரனும் ஒரே கூரையின் கீழ் கடை விரித்திருக்கிறார்கள்.

ஆனால் முத்திரையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில் ஓட்டை இருக்கிறது. ‘ஜி’, ‘ஆர்’ என்றிருந்தால் எந்த ஜார்ஜ்? ஐந்தாமவரா, ஆறாமவரா என்று முத்திரை சொல்லாது. புகழ்பெற்ற பெயர் என்பதால் ராட்ஜர்ஸைப் போலி செய்தவர்களும் உண்டு. உடைந்த அலகுக்குப் பதில் வேறொரு கத்தியின் அலகைப் பொருத்தியிருந்தால் முத்திரை அலகைப் பற்றித்தான் பேசும், கத்தியைப் பற்றிப் பேசாது.

இதைவிடப் பெரிய குறையை என் மேசையிலிருந்த இரண்டாவது பொருள் காட்டியது. மடக்கெழுத்தாணி. எலும்புப் பிடிக்குள்ளிருந்து ஒருபுறம் ஓலை வாரும் கத்தி விரியும், மறுபுறம் எழுதும் ஆணி. உ.வே.சா. ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி இவற்றோடு இதையும் சொல்கிறார். இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததால்தான் முன்னது பேனாக்கத்தி. இதுவும் எழுத்துக்குப் பிறந்த கத்திதான், கூடவே எழுதவும் செய்யும். ஆனால் சேகரிப்பாளரின் பட்டியலில் இதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். கொல்லர் பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஊர் இல்லை. பெயர் பொறித்த பொருளுக்கென்றே வளர்ந்த வித்தை, பெயரில்லாத பொருளின் முன் கையைப் பிசைகிறது.

இங்கே படிக்கக் கிடைப்பது வேறு மாதிரித் தடயங்கள். அலகின் முதுகில் அரம் ஓடிய திசை, ஆணியின் சுத்தியல் தட்டு, பெருவிரல் பட்டுப் பட்டு மழுங்கிய விளிம்பு. ராட்ஜர்ஸ் முத்திரை தேய்ந்தாலும் அதே மாதிரிக் கத்தி இன்னொன்றை எங்காவது பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். கொல்லர் செய்த எழுத்தாணியை ஒருமுறை பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் கதை முடிந்தது. கோயில் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வீசிக் கல்வெட்டைத் தேய்த்தோமே, அதே வேலைதான் இது, உள்ளங்கை அளவில்.

அப்படியென்றால் தொடவே கூடாதா? திருவனந்தபுரம் மழைக்கும் கடல்காற்றுக்கும் முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. கருப்புப் படலம் எஃகைத் தின்பதில்லை. செந்துரு தின்னும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மடிப்புக்குள் உட்கார்ந்து தின்னும். அதை எடுக்காமல் விடுவது பக்தியல்ல, சோம்பேறித்தனம். செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியைப் பெட்டியில் பூட்டி வைத்தால், பிடி சிதைந்து வெளிவிடும் அமில ஆவி பக்கத்துக் கத்தியையும் அரித்துவிடும். இந்த இடத்தில் புதுப்பிப்பவரின் அனுபவம் கட்டாயம் வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் அழுக்கை நெம்பி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெதுவாக மடக்கி விரித்தால், செத்துக் கிடந்த வில் உயிர்பெற்று அலகு ‘டக்’கென்று மூடும். அந்தச் சத்தத்துக்காகவே இந்தப் பைத்தியம் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். இந்த ஊரில் கைக்குக் கிடைப்பது அதுதான், ஆனால் நாளடைவில் பிசுக்காகி அழுக்கைச் சேர்க்கும்.

சேகரிப்புச் சந்தைக்கு இந்த ‘டக்’ போதவில்லை. கண்ணாடி போல மின்னுவதற்கே விலை. துருக்கட்டியாகத் தொடங்கிக் கடைசியில் ஜொலிக்கும் காணொளிகள் அந்த ருசியை இன்னும் வளர்க்கின்றன. நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இரும்பு போனது என்று எவரும் அளப்பதில்லை. நூறாண்டு தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே விற்க முடியாது. ஆனால் உள்ளூர்ச் சாணையில் போய்க் கரையும் பழம்பொருளுக்குக் காவல் யார்? இங்கிருந்து நடக்கிற தூரத்தில், கோட்டைப் பகுதியில், ஓலைச்சுவடிகளுக்கென்றே 2022 டிசம்பரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஓலைக்கு அந்த மரியாதை வந்துவிட்டது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் எழுத்தாணிக்கு வரவில்லை.

எழுத்தாணியின் கத்தி இன்னும் முக்கால்தான் விரிகிறது. இன்னும் கொஞ்சம் நெம்பினால் முழுதும் விரியும், இல்லை பிடி பிளக்கும். அப்படியே விட்டுவிட்டேன்.

பில்லைக் கொண்டுவந்த தலைப்பாகைக்காரர் பளபளக்கும் பேனாக்கத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது நாராயமல்லே?” என்றார் மற்றதைக் காட்டி. நமக்கு நாராசம் என்றால் சுவடித் துளையில் கோக்கும் கம்பி, மலையாளிகளுக்கு நாராயம் என்றால் எழுத்தாணி. அவர் வீட்டிலும் தாத்தாவுடையது ஒன்று கிடந்ததாம். ஓணத்துக்கு வீடு ஒதுக்கும்போது ஆக்ரிக்காரனுக்கு, அதாவது பழைய இரும்புக்காரனுக்கு, போட்டுவிட்டார்களாம்.