உழைச்செல்வான்: முதிய பெற்றோரைப் பேணலும் திருக்குறளும்

முதுமையும் பிணியும் உற்ற பெற்றோரைப் பேணுதல் பற்றித் திருக்குறள் என்ன கூறுகின்றது என வினவினால், நம் மாணவர்கள் தயங்காமல் மக்கட்பேறு அதிகாரத்தைச் சுட்டுவர். ஆசிரியர்களாகிய நாமும் அவ்வாறே கற்பித்து வந்துள்ளோம். ஆயின் அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஒருசேர வைத்துப் படித்தால், இவ்வழக்கம் எத்துணை மெலிந்த அடிப்படையில் நிற்கின்றது என்பது புலனாகும். அங்குக் குழந்தை உணவில் கையிட்டுத் துழாவுகின்றது, மழலை பேசுகின்றது, வளர்ந்து அவையில் முன்னிற்கின்றது, மகனைப் பிறர் பாராட்டக் கேட்டுத் தாய் மகிழ்கின்றாள். இறுதிக் குறளில் மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறும் பிறர் வாயில் பிறக்கும் ஒரு புகழ்ச்சொல்லே. படுக்கையில் கிடக்கும் தாயோ எழுந்து நடக்க இயலாத தந்தையோ அப்பத்தில் இல்லை.

இக்குறையை இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதற்குறளைக் கொண்டு நிரப்புவாரும் உளர். அக்குறளில் வரும் ‘மூவர்’ யார் என்பதில் உரைகள் வேறுபடுகின்றன. பரிமேலழகர் பிரமசரியம் முதலாய ஏனை மூன்று நிலையினரைக் கொண்டார். கலைஞர் மு. கருணாநிதியின் உரையில் அம்மூவர் பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் என மாறுகின்றனர். இப்புத்துரை காலத்தின் தேவையை நன்கு காட்டுகின்றது. மூலத்தின் கருத்து இதுவே எனத் துணிய அது போதாது. அதே அதிகாரத்தில் இல்வாழ்வான் ஓம்ப வேண்டியோரைத் தொகுத்துக் கூறும் குறளில், மறைந்த முன்னோர் எனப் பலரும் பொருள் கொள்ளும் தென்புலத்தாருக்கே முதலிடம். உயிரோடிருக்கும் பெற்றோர் சுற்றத்தாருள் அடங்குவர் போலும்!

நாம் தேடும் பொருள் வேறோரிடத்தில் உள்ளது. மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி உணவு அளவைப் பற்றியது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லும் 948ஆம் குறளே மேடைகளில் மிகுதியும் ஒலிக்கின்றது. அதற்கு இரண்டு குறள் தள்ளி, அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நான்கு கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். ‘உழை’ என்பது பக்கம். உழைச்செல்வான் நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையாமல் செலுத்துபவன். மருத்துவனோடு ஒரே வரிசையில் வைத்து அவனை வள்ளுவர் எண்ணியது சிறிய செய்தியன்று.

பரிமேலழகர் இந்நான்கு கூறுகளையும் மேலும் நான்கு நான்காக வகுக்கின்றார். ஆயுர்வேத நூல்களும் இவ்வாறே பதினாறு இயல்புகளைக் கூறும். உழைச்செல்வானுக்கு அவர் விதிப்பன நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறன், அறிவு ஆகியவை. அன்பு முதலில் நிற்பினும் அது மட்டுமே போதும் என உரையாசிரியர் கருதவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. இன்சுலின் ஊசியின் அளவும் நேரமும் தவறினால் அன்பு காப்பாற்றாது. அசைய இயலாத ஒருவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகின்றது. உடன் செல்பவரின் வாழ்நாளும் அவ்வட்டத்துள் அடங்கிவிடுகின்றது.

இக்குறளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது தீரக்கூடிய நோயை மனத்திற்கொண்டது. மறதிநோய் முற்றிய தாய்க்குத் தீர்ப்பான் இல்லை. நோயை முற்றிலும் அகற்றும் மருந்தும் இன்றுவரை இல்லை. தன் நோய்நிலையை எடுத்துரைத்தல் நோயாளியின் இயல்புகளுள் ஒன்று என்பார் பரிமேலழகர். அத்தாயால் அதுவும் இயலாது. மற்ற மூன்று கூறுகளும் ஒவ்வொன்றாகத் தளர, நான்காம் கூறே எஞ்சி நிற்கின்றது. முதுமைப் பேணலின் கடுமை இங்குதான் உள்ளது.

இனி நம் சிறுகதைகளுக்கு வருவோம். மலேசிய, சிங்கப்பூர்ப் போட்டிகளுக்கு வரும் கதைகளில் முதியோர் இல்லம் ஒரு நிலையான களம். மகன் தந்தையை விட்டுச் செல்கின்றான், மருமகள் முகஞ்சுளிக்கின்றாள், கடைசிப் பத்தியில் தொலைபேசி ஒலிக்கின்றது. விட்டுச் சென்றதற்கும் தொலைபேசிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் கதைக்குள் வருவதில்லை. கைவிடாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பமோ கதைக்குரிய பொருளாகவே கருதப்படுவதில்லை. குற்றம் சாட்டுதல் எழுத்தாளருக்கு எளிது. மலம் துடைக்கும் கையின் சலிப்பையும், அச்சலிப்புக்குப் பின் வரும் நாணத்தையும் எழுதுதல் அரிது. கடிந்துரைக்கப்படும் அம்மருமகளே பல வீடுகளில் அப்பணியைச் செய்பவள் என்பதையும் இக்கதைகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

சிங்கப்பூரில் நியமன நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த வால்டர் வூன் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டமாயிற்று. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 60 வயது கடந்த பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து உதவித்தொகை பெற அதன்வழி நடுவர் மன்றத்தை நாடலாம். சட்டம் பணத்தைப் பெற்றுத்தரும். பக்கத்திலிருப்பவரைத் தர இயலாது. அவ்விடத்தை இரு நாடுகளிலும் பல வீடுகளில் வெளிநாட்டுப் பணிப்பெண்களே நிரப்புகின்றனர். அவர்கள் நம் கதைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகின்றனர்.

இக்குறளை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, தம் பாட்டிக்கு உணவூட்டுபவர் இந்தோனேசியப் பெண் என்றும், அவரை உழைச்செல்வான் என்று அழைப்பது எவ்வாறு என்றும் வினவினார். ஆண்பால் விகுதி பொதுமை குறித்தது என இலக்கண விளக்கம் தந்தோம். மாணவி அவ்விளக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதன் கீழ் ‘உழைச்செல்வாள்’ என்றும் எழுதிக்கொண்டார். நாம் அதைத் திருத்தவில்லை.