பிணை நிற்பவர் யார்?

பழையனூர் நீலி கதையைச் சொல்கிறவர்கள் நீலியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் மறக்காமல் இருப்பது ஒரு கத்தி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வணிகனிடம் அது இருந்தது. அது கையில் இருக்கும்வரை பேய் தன்னை நெருங்காது என்று அவன் நம்பியிருந்தான். மனைவி வடிவில் வந்த நீலி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன் அழுதாள். கத்தியோடு இருக்கிற ஆளோடு ஒரு வீட்டில் எப்படித் தங்குவது என்று கேட்டாள். பழையனூர் வேளாளர் எழுபது பேரும் அவள் பேச்சை நம்பினார்கள். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது உயிரும் பிணை என்று வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது வணிகன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு உண்டு என்பார்கள். பக்கத்திலுள்ள திருவாலங்காட்டுக்கு வருகிறவர்களுக்குத் தீப்பாய்ந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

அவர்கள் தீர்ப்பு தவறிவிட்டது. ஆனால் ஒருவனுடைய பாதுகாப்பை வாங்கி வைத்துக்கொண்டவர்கள், அதற்குப் பதில் தாங்களே பிணையாகவும் நின்றார்கள். கைப்பேசியில் பணம் கொடுத்து வாங்கும் பழக்கத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மணவூருக்கும் மோசூருக்கும் நடுவில் இருக்கிறது திருவாலங்காடு ரயில் நிலையம். அங்கிருந்து கோயில்வரை, டீக்கடை, பூக்கடை, அர்ச்சனைத் தட்டுக் கடை, ஆட்டோ என்று எதை எடுத்தாலும் ஒரு க்யூஆர் அட்டை தொங்குகிறது. மார்கழித் திருவாதிரையன்று இரத்தின சபையில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் சேரும். நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அவர்கள் தெலுங்கில் விலை கேட்பார்கள், பூக்காரம்மா தமிழில் சொல்வார், கடையில் வைத்திருக்கும் பேசும் பெட்டி வந்த தொகையை உரக்க அறிவிக்கும். பேரத்தில் பாஷை இடறினாலும் பணத்தில் இடறல் இல்லை.

முதலில் இதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். அது சிறிய நன்மை அல்ல. யூபிஐ 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. கிராமத்துக் கடைகள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு, அந்த நாட்களுக்குப் பிறகு ஒரு மாற்று வழி எவ்வளவு தேவைப்பட்டது என்று தெரியும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கிய காலம் போயிற்று. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் 2000 கோடி யூபிஐ பரிமாற்றங்களைத் தாண்டியிருக்கிறோம். இந்த எண்ணிக்கைக்குள் பத்து ரூபாய் டீயும் இருபது ரூபாய் பூவும்தான் பெரும் கூட்டம்.

படிக்கத் தெரியாத ஒரு வியாபாரிக்குக் குறுஞ்செய்தியால் பயனில்லை. அவருக்காகத்தான் அந்தப் பேசும் பெட்டி. வாடிக்கையாளர் திரையைக் காட்டி ஏமாற்ற முடியாது; பெட்டி பேசினால்தான் பணம். இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு, ஊருக்குப் பணம் அனுப்புவது ஒரு காலத்தில் யாரோ ஒருவரை நம்பிக் கொடுத்தனுப்புவதாக இருந்தது. இன்று சூளை வாசலிலேயே அனுப்பிவிட முடிகிறது.

இன்னொன்றும் உண்டு, அதை அதிகம் பேர் எழுதுவதில்லை. தெரிந்த கடைக்காரர், கைமாற்று, பற்று நோட்டு என்று பழைய ஏற்பாட்டை நினைத்து ஏங்குகிறவர்கள், அந்தத் தெரிந்த கடைக்காரருக்கு உங்கள் சாதியும் தெரிந்திருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்ன கடைகள் இந்த நாட்டில் இருந்தன. க்யூஆர் அட்டை யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. இந்த ஒன்றுக்காகவே பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பணம் வேகமாகப் போகிறது என்பதும், பணம் கொடுக்க வேண்டியவர் வேகமாகக் கொடுக்கிறார் என்பதும் வேறு வேறு. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது இதே திருவாலங்காட்டில்தான். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினால் 14 நாளில் கிரயம் கொடுக்க வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் நிலுவைத் தொகை கேட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். உரக்கடையில் நொடியில் பணம் கழிகிறது, கரும்புப் பணம் மட்டும் அதே வங்கிக் கணக்குக்கு வந்து சேரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கொடுக்கிறவர் ஏழையாக இருக்கும்போதுதான் இந்தத் தொழில்நுட்பம் முழு வேகத்தில் ஓடுகிறது.

அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறிக் கூலியும் இப்போது போனுக்கு வந்துவிடுகிறது. யாருடைய போனுக்கு என்பதுதான் கேள்வி. தறியில் நிற்பது அம்மாவாக இருக்கும், ஸ்மார்ட்போன் பையனிடம் இருக்கும். முன்பு சனிக்கிழமைக் கூலி அவர் முந்தானையில் முடிச்சாக வீட்டுக்கு வந்தது. அது அவருக்கு இருந்த ஒரே கத்தி. பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம் என்று 2022 மார்ச்சில் ஒரு வசதி கொண்டுவந்தார்கள். அதைப் பயன்படுத்துகிற ஒருவரையும் நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை.

சரி, பணம் நடுவழியில் நின்றுவிட்டால்? இரண்டு வருடம் முன்பு ஒரு திருவாதிரை அன்று எனக்கே நடந்தது. பூக்கடையில் 240 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது, பெட்டி பேசவில்லை. "போயிருச்சுன்னு காட்டுதே அக்கா" என்றேன். "எனக்கு வரலியே சாமி" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. மறுபடி காசாகக் கொடுத்தேன். முதலில் போனது ஒன்பதாவது நாள் திரும்பியது. வங்கியில் கேட்டபோது, செயலியில் புகார் போடச் சொன்னார்கள். செயலியில், வங்கியைக் கேட்கச் சொன்னது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் போட்ட சுற்றறிக்கைப்படி, ஒரு தனிநபருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, கேட்காமலே தர வேண்டும். எனக்கு நான்கு நாளுக்கு 400 ரூபாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை, ஏனென்றால் இப்படி ஒரு விதி இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே இப்படி என்றால், 100 நாள் வேலைக்குப் போகிறவருக்கு இதை யார் சொல்வார்கள்?

இதைவிட ஆழமான ஓட்டை ஏமாற்றுக்காரர்கள் விஷயத்தில் இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் பொறுப்பை வரையறுத்தது. வங்கியின் தவறும் இல்லை, வாடிக்கையாளர் தவறும் இல்லை, வேறு யாரோ திருடினார் என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நல்ல விதிதான். ஆனால் அது நம் அனுமதி இல்லாமல் நடந்த பரிமாற்றத்துக்கு. இன்றைய மோசடிகளில் பெரும்பாலானவற்றில் பின் எண்ணை அழுத்துவது நாமேதான். மின் கட்டணம் பாக்கி, இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம் என்று பயமுறுத்துவார்கள். அல்லது உங்களுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, பின் போட்டால் இறங்கும் என்பார்கள். அழுத்திவிட்டால் அது அனுமதி கொடுத்ததாக ஆகிவிடுகிறது. கத்தியைக் கொடுத்தது நீதானே என்று வணிகனிடமே சொல்வதைப் போன்றது இது.

பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை என்று விளம்பரங்களில் ஓயாமல் சொன்னார்கள். ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியைத்தான் ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்தினார்கள். யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் தனிநபர்களுக்கு இடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1இல்தான் நிறுத்தியது. ஒன்பது ஆண்டு. கதவை மூட முடியும் என்பது தெரிந்துவிட்டது, அதுவரை கதவு வழியே வந்த திருடனுக்கு வீட்டுக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிரிட்டனில் வேறு விதமாக யோசித்தார்கள். அங்கே 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்துபோய்த் தானே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைச் சரிபாதி ஏற்க வேண்டும். பெற்ற வங்கியை உள்ளே இழுத்ததுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. திருடன் கணக்கு ஏதோ ஒரு வங்கியில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்தவர் பாதி பிணை என்றால், யாருக்குக் கணக்குத் திறக்கிறோம் என்று பார்க்கத் தொடங்குவார். நம் ஊரில் மோசடி நடந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் பணம் கைமாறிப் போவதற்குள் பிடித்து வைக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது தீயணைப்பு வண்டிதான், பிணை அல்ல.

அந்தத் தீயணைப்புத் தண்ணீர் அடுத்த வீட்டையும் நனைக்கிறது. திருடிய பணத்தில் ஒருவன் அர்ச்சனைத் தட்டு வாங்கினால், கடைக்காரரின் கணக்கு முழுவதுமே முடக்கப்படலாம். கேரளத்தில் இப்படிப் பல வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்காமல் கணக்கையே முடக்குவது தவறு என்ற நிலையை எடுத்தது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித்துறை யூபிஐ வரவைக் கூட்டிப்பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'காசு மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரவு முழுவதும் வியாபாரம் அல்ல. மகள் அனுப்பியது, சீட்டுப் பணம், கைமாற்று எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான் விழுகின்றன. வசதிக்காக ஒட்டிய அட்டை சாட்சியாகவும் நிற்கும் என்று ஒட்டும்போது யாரும் சொல்லவில்லை.

அந்தரங்கம் என்று பேசினால் இது நகரத்துப் படித்தவர்கள் கவலை என்பார்கள். பூ வாங்கிவிட்டுப் பணம் அனுப்பும் கல்லூரிப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பல சமயம் அவள் கைப்பேசி எண்ணே அவள் யூபிஐ முகவரி. பெயரும் எண்ணும் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்கின்றன. இரவில் ஒரு வணக்கம் வரும். அதைத் தடுக்க அவள் செய்யக்கூடியது, எண் இல்லாத முகவரியை அமைத்துக்கொள்வது. வழி இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் போகிற வேலை அவளுக்கு. முதலிலேயே எண்ணை மறைத்துக் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கடன் செயலிகள்தான் என்னை உண்மையில் கோபப்படுத்துகிறவை. 2021 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு இந்தியாவுக்குக் கடன் தரும் சுமார் 1100 செயலிகளைக் கண்டது. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. தண்டல்காரர் ஐந்து நாள் தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பார், அதுவும் அவமானம்தான். இந்தச் செயலிகள் கைப்பேசியில் இருக்கிற எல்லா எண்களையும் எடுத்துக்கொண்டு, கடன் வாங்கியவரின் மாமாவுக்கும் வாத்தியாருக்கும் சம்பந்திக்கும் அவர் படத்தைச் சிதைத்து அனுப்பின. பழையனூரில் எழுபது பேர் தாங்களே முன்வந்து பிணை நின்றார்கள். இங்கே எழுநூறு பேர் தங்களுக்கே தெரியாமல் பிணையாக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டிலும் உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்றது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். எண்களை எடுத்துச் செல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதெல்லாம் இலவசம்தானே என்று ஒரு வாதம் உண்டு. 2020 ஜனவரி முதல் யூபிஐ கட்டணத்தில் கடைக்காரரிடம் எதுவும் பிடிப்பதில்லை, உண்மை. ஆனால் அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறது. 2024-25க்கு 1500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பேசும் பெட்டிக்கு மாத வாடகை வேறு. பரிமாற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியே போகின்றன. எந்தச் செயலிக்கும் 30 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று 2020இல் போட்ட விதியின் கெடுவை 2026 இறுதிவரை தள்ளிவைத்திருக்கிறார்கள். நம் வரிப்பணத்தில் கட்டிய சாலை இது. சாலைக்குப் பணம் கொடுக்கிற நமக்குச் சாலைவிதியைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

பழையனூர் என்ற பெயர் இன்னோர் இடத்திலும் வருகிறது. முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1018இல், பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. மொத்தம் 31 ஏடு. பெண் யானையை நடக்கவிட்டு எல்லை காட்டினார்கள். எந்த அதிகாரி ஆணையைக் கேட்டார், யார் ஒப்பிட்டார், யார் எழுதினார், செப்பில் வெட்டியவர் யார் என்பதுவரை பெயர்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கொடையில் உழுதவர்களைக் கேட்டார்களா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த ஆவணத்தில் தவறு இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று அடுத்தவருக்குத் தெரியும்.

பூக்கடையில் தொங்கும் அட்டையை அடுத்த முறை முன்னும் பின்னும் பாருங்கள். கடைக்காரர் பெயர் இருக்கும், செயலியின் சின்னம் பெரிதாக இருக்கும், வாங்கலாம் என்று ஏழெட்டு நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். பணம் நின்றால் அழைக்க வேண்டிய எண், ஐந்து நாளுக்கு மேல் ஆனால் நாளுக்கு 100 ரூபாய் என்ற விதி, 1930, இவை அநேகமாக எங்கும் இருக்காது. தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் ஒரே சுற்றறிக்கையில் இதை மாற்றிவிடலாம். நம் எல்லையில் தொங்கும் அட்டைகளில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதச் சொல்லலாம். அட்டையின் பின்பக்கம் முழுவதும் வெறுமையாகத்தான் இருக்கிறது.