அறுபது மைலில் வரும் உதறல்

அமெரிக்காவில் முழு அளவு வேன் என்றால் நினைவுக்கு வருபவை ஃபோர்டு எக்கானலைன், செவர்லே எக்ஸ்பிரஸ், 2003-ஓடு நின்றுபோன டாட்ஜ் ராம் வேன். நீளமான வகையில் 15 பேர் உட்காரலாம். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் பிளம்பருக்குப் பட்டறை, பாட்டுக் குழுவுக்கு வீடு. முன்னால் பெரும்பாலும் வி8 எஞ்ஜின், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த கனத்த ஆக்சில், இரண்டுக்கும் நடுவே நீண்ட ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்.

இந்த மாதிரி வண்டிகளைப் பிடிக்கும் தொல்லை ஒன்று உண்டு. மணிக்கு 50 மைல் வேகம் வரை சாதுவாக ஓடும். 60-ஐத் தொட்டதும் தரை உதறும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். 70-ல் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். உரிமையாளர் டயரைப் பேலன்ஸ் செய்வார், ஷாக் அப்சார்பர் மாற்றுவார், பிறகு பால் ஜாயின்ட். உதறல் அப்படியே இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவரின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு நல்ல கச்சேரி கேட்பதற்குச் சமம்.

வேனில் இந்த வேலை ஏன் கடினம் என்றால், வண்டியே பொய் சொல்லும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பது ஒரு பெரிய வெற்று இரும்புப் பெட்டி. ஆக்சிலில் பிறந்த சின்ன அதிர்வு அங்கே போய் முழக்கமாகிவிடும். எக்கானலைனில் எஞ்ஜினின் பாதி முன்னிருக்கைகளுக்கு நடுவே ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. எது எஞ்ஜின் சத்தம், எது தரை அதிர்வு என்று காது பிரித்துச் சொல்லாது. ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், இருக்கை ஆடினால் பின்பக்கம் என்பது பொதுவான கணக்கு. காரில் அது ஓரளவு பலிக்கும். வேனில் அதை மட்டும் நம்பினால் பணம் போகும்.

எத்தனை நேரம் ஸ்பானரைத் தொடாமல் இருக்கிறார் என்பதை வைத்தே மெக்கானிக்கை நான் எடைபோடுவேன். கெட்டிக்காரர் முதலில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவார். ரேடியோவை அணைக்கச் சொல்லி, உரிமையாளரையே ஓட்டவிடுவார். உதறலை வரவழைக்கத் தெரிந்தவர் அவர்தானே. கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்?" இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துபோகும் வழக்குகள் நிறைய.

அடுத்தது நியூட்ரல் சோதனை. காலியான சாலையில் 65-ல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஆக்சிலேட்டரை விட்டுவிடச் சொல்வார். எஞ்ஜின் சும்மா முனகிக்கொண்டிருக்க, வண்டி தன்பாட்டில் உருளும். உதறல் தொடர்ந்தால் எஞ்ஜினும் டார்க் கன்வர்ட்டரும் நிரபராதிகள். நின்றுபோனால் வழக்கு எஞ்ஜின் பக்கம் திரும்பும். பைசாச் செலவில்லை, பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

பிறகு எண். 245/75 அளவு, 16 அங்குல டயர் 60 மைல் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 3.73 என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் 41. ஓவர்டிரைவில் எஞ்ஜின் அதைவிட மெதுவாக, 29-ஐ ஒட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம். உதறலின் எண் 11 என்றால் டயர், ரிம், ஹப் எனச் சக்கரத்தோடு சுற்றுபவை தவிர வேறெதையும் தொடவேண்டாம். 41 என்றால் டயர் கடைக்குப் போவதே வீண். 82 என்றால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை குத்துகிறது என்று பொருள். அது ஷாஃப்டின் முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டின் கையெழுத்து.

இந்த எண்ணைப் படிக்க முன்பு ஒரு சிறு கருவி இருந்தது. வெவ்வேறு நீளத்தில் மெல்லிய எஃகு நாக்குகள் வரிசையாக நிற்கும். டாஷ்போர்டில் வைத்தால் அதிர்வோடு ஒத்துப்போகிற நாக்கு மட்டும் துடித்து மங்கலாகும், மற்றவை அசையாது. இப்போது கைபேசியே இதைச் செய்கிறது, இன்னும் துல்லியமாக. ஆனால் லொடலொடக்கும் பிளாஸ்டிக் மேல் வைத்தால் அது பிளாஸ்டிக்கின் கதையைச் சொல்லும். சீட்டைப் பிணைத்த தண்டவாளத்தில் வைப்பதே நல்லது.

சில வேன்களில் உதறல் வந்து வந்து போகும்: நான்கு வினாடி கூடும், நான்கு வினாடி குறையும். சாலையைத்தான் குறை சொல்லத் தோன்றும். உண்மையில் பின்பக்க டயர்கள் இரண்டுமே கோளாறானவை; அவற்றின் சுற்றளவில் சிறு வித்தியாசம். தம்புராவில் சாரணித் தந்திகள் இரண்டும் முழுதாகச் சேராதபோது எழுகிற அலை எதுவோ, அதுதான் இது. ஒரு வளைவில் திரும்பினால் வெளிச் சக்கரம் அதிகம் சுற்ற, அலை இடம் மாறும். இதைக் கவனித்துவிட்டு "ரெண்டு டயரும்" என்று சொல்பவரைக் கண்டால் கைதட்டத் தோன்றும்.

யுனிவர்சல் ஜாயின்ட் விஷயம் பழையது. 1676-ல் ராபர்ட் ஹூக் எழுதிவைத்த இணைப்பு அது. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அமைத்து 1903-ல் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். சாய்ந்து சுழலும் ஜாயின்ட் ஒரு சுற்றில் இரண்டு முறை ஷாஃப்டை முந்தவிட்டு, இரண்டு முறை பிந்தவைக்கும். மறுமுனை ஜாயின்ட் அதே சாய்வில், அதே நேர்க்கோட்டில் நின்றால் முன்னது செய்ததைப் பின்னது அழித்துவிடும். வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் சாய்வு கெடும். இரண்டு துண்டு ஷாஃப்டைக் கழற்றி மாட்டியவர் பல் தப்பிச் சேர்த்துவிட்டால் நேர்க்கோடு கெடும். சரிசெய்யப் போன இடத்தில் பிறந்த உதறல்! ஆகவேதான் அந்த முதல் கேள்வி.

ஷாஃப்டே எடை சமமில்லாமல் இருந்தால் ஒரு பழைய உபாயம் உண்டு. ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்திருக்கும் சாதாரண கிளாம்ப் போதும். டிஃபரன்ஷியல் பக்கமிருக்கும் ஷாஃப்ட் முனையைச் சுற்றி 1 முதல் 4 வரை சாக்பீசால் குறித்து, கிளாம்பின் திருகுத் தலையை ஒவ்வோர் எண்ணிலும் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் உதறல் தணியும். அது போதாவிட்டால் அதே இடத்தில் இரண்டாவது கிளாம்ப். எடை கூடிப்போனால் இரண்டு தலைகளையும் அந்தப் புள்ளியிலிருந்து இருபுறமும் சமமாக விலக்குவார்கள். சேர்ந்து நின்றால் இரட்டை எடை, எதிரெதிரே போனால் பூஜ்யம், நடுவே வேண்டிய அளவெல்லாம். கையில் தராசில்லாமல் திசையையும் எடையையும் தனித்தனியே கண்டுபிடிக்கிறது இந்த முறை. ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டுச் செய்வோரும் உண்டு. சுழலும் ஷாஃப்ட் அருகே கையோ தளர்ந்த சட்டையோ போகக்கூடாது என்பதை மறப்பவர் இதில் இறங்கவேண்டாம்.

முறையான வைத்தியம் ஷாஃப்டைக் கழற்றிப் பேலன்ஸ் கடையில் கொடுத்து எடையைப் பற்றவைப்பதே, கிளாம்ப் தற்காலிகம்தான். அந்தக் கடைக்கும் போகுமுன் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, ஷாஃப்டின் நடுவைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஷாஃப்டில் நசுங்கல் இருக்கிறதா, சேறோ தாரோ ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பட்டறைக்குப் போனால் "டயரைப் பேலன்ஸ் பண்ணுங்கள்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில் வருகிறது, எதில் போகிறது, சுமையோடா சுமையில்லாமலா என்று மட்டும் சொல்லுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வராமல், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்.