ஒரு குதிரைக்கு எத்தனை மருத்துவர்?

பிரிட்டனில் சொந்தமாகக் குதிரை வைத்திருப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. குதிரையை ஒரே கால்நடை மருத்துவ நிலையத்தில் பதிந்து எல்லாவற்றுக்கும் அவர்களையே அழைப்பதா? அல்லது தடுப்பூசிக்கும் பல் பார்ப்பதற்கும் கட்டணம் குறைந்த ஓரிடம், நள்ளிரவு அவசரத்துக்குப் பக்கத்திலுள்ள நிலையம், நொண்டலுக்குப் பெயர்பெற்ற நிபுணர் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதா? இரு தரப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். "என் குதிரை, என் பணம், என் விருப்பம்" என்பது ஒரு தரப்பு. "மருத்துவரைக் கடைக்காரர்போல மாற்றிக்கொண்டிருந்தால் ஆபத்தில் யார் வருவார்?" என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் இதை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எடைபோட வேண்டியிருக்கிறது.

குதிரை மருத்துவத்தின் நடைமுறையை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். 500 கிலோ எடையுள்ள குதிரை நின்ற இடத்தில் நிற்கும். பெரும்பாலும் மருத்துவர்தான் வண்டியோட்டிக்கொண்டு லாயத்துக்கு வருகிறார். மருந்து, ஸ்கேன் கருவி, எக்ஸ்ரே எல்லாம் அவர் வண்டிக்குள். ஆகவே இங்கே தூரமே ஒரு சிகிச்சைக் காரணி. ஒவ்வொரு வருகைக்கும் தனிக்கட்டணம் உண்டு. அதோடு, குதிரையின் நோய் வரலாறு முழுவதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் பொது ஏற்பாடு எதுவும் இல்லை. எந்த நிலையம் பார்த்ததோ அதன் கணினியில்தான் அந்தச் செய்தி கிடக்கும்.

பிரித்துக்கொள்வோர் முன்வைக்கும் முதல் வாதம் செலவு. வாதம் நேர்மையானதுதான், குதிரை வளர்ப்போர் எல்லாரும் செல்வந்தர்கள் அல்லர். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சேமிப்பின் பெரும்பகுதிக்கு இரண்டாவது நிலையம் தேவைப்படுவதில்லை. பல நிலையங்கள் வட்டாரவாரியாக நாள் ஒதுக்கி, அந்த நாளில் வருகைக் கட்டணத்தைக் குறைக்கின்றன அல்லது விட்டுக்கொடுக்கின்றன. ஒரே லாயத்தில் பலர் குதிரை வைத்திருந்தால் ஒரே நாளில் ஒரே மருத்துவரை வரவழைத்துக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆளுக்கொரு நிலையம் என்று பிரிந்தால் அந்தப் பங்கீடு குலைந்து செலவு கூடவே செய்யும். நாள்பட்ட நோய்க்கான மருந்து விலைதான் சுமை என்றால், மருந்துச் சீட்டை எழுதி வாங்கி வேறிடத்தில் மருந்து வாங்கும் உரிமை பிரிட்டன் சட்டப்படி உரிமையாளருக்கு உண்டு. விலை குறைந்த மருந்துக்கடை தேவைப்படுகிறவர் மருத்துவரையே மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் நிபுணத்துவம். இது கனமானது. கிராமத்தில் மாடு, ஆடு, நாய் எல்லாவற்றையும் பார்க்கும் மருத்துவரிடம் நுணுக்கமான நொண்டல் பரிசோதனையை எதிர்பார்க்க முடியாது. நியூமார்க்கெட்டின் ராஸ்டேல்ஸ் போன்ற நிலையங்களிலும், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் லேஹர்ஸ்ட் குதிரை மருத்துவமனையிலும் கிடைக்கும் கருவியும் கைப்பழக்கமும் எல்லா இடத்திலும் கிடைக்கா. எலும்பு ஸ்கேனுக்கும் குடல் அறுவைக்கும் அங்கே போவதே முறை. ஆனால் இந்த வாதம் எதை நிறுவுகிறது? தேவைப்படும்போது இன்னொருவரிடம் போக வேண்டும் என்பதை நிறுவுகிறது. முதல் மருத்துவருக்குத் தெரியாமல் போக வேண்டும் என்பதை அது நிறுவவில்லை.

இந்த வேறுபாட்டைத் தொழில்முறை விதிகளே தெளிவாக வகுத்திருக்கின்றன. 1844இல் அரச சாசனம் பெற்று, இன்று பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களை நெறிப்படுத்தும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்னரி சர்ஜன்ஸ் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்கிறது. மற்றொருவரின் கருத்தை மட்டும் கேட்பது ஒன்று. பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ அனுப்பி, முடிந்தபின் திரும்பப் பெற்றுக்கொள்வது இன்னொன்று. ஒரு மருத்துவரை விட்டு மற்றொருவரிடம் முற்றாக மாறுவது மூன்றாவது. சகமருத்துவர் ஒருவரின் கையிலிருக்கும் நோயாளியை ஏற்பவர், அவருக்குத் தெரிவித்து நோய் வரலாற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆக, இரண்டாம் கருத்து கேட்பது துரோகம் அல்ல. விதி ஒப்புக்கொண்ட வழி. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவர்தான் விதிக்குப் புறம்பாக நடக்கிறார்.

மூன்றாவது வாதம் காப்பு: இரண்டு இடத்தில் பதிந்து வைத்தால் ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் வருவாரே! மேலோட்டமாகப் பார்த்தால் இது விவேகம். உள்ளே போனால் இதுதான் மிகப் பலவீனமான வாதம். பணியிலிருக்கும் மருத்துவர், தம் நிலையம் வழக்கமாகப் பார்க்கும் இனத்தைச் சேர்ந்த எந்த விலங்குக்கும் முதலுதவியையும் வலித்தணிப்பையும் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் விதி உறுதிசெய்வது அவ்வளவுதான். எத்தனை நிமிடத்தில் வருவார், எத்தனை மைல் வருவார், வந்தபின் தொடர்ந்து பார்ப்பாரா என்பதற்கெல்லாம் அதில் உத்தரவாதம் இல்லை. ஒரே இரவில் இரண்டு அழைப்பு வந்தால், ஆண்டு முழுவதும் தம்மிடம் வரும் குதிரைக்கே மருத்துவர் முதலில் போவார். அதில் குற்றம் காண முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வர ஒருவர் ஆயத்தமாக இருப்பதற்கான செலவை அந்த ஓர் அழைப்பின் கட்டணம் ஈடுகட்டுவதில்லை. பகலில் போடும் தடுப்பூசி, பல் பராமரிப்பு, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் வருவாய்தான் இரவுக் காவலைத் தாங்கிப் பிடிக்கிறது. பகல் வேலை முழுவதையும் மலிவான தொலைதூர நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, இரவில் மட்டும் பக்கத்து நிலையத்தை எழுப்புவது, பிறர் கட்டிய சந்தாவில் தாம் பயன்பெறுவது. இது அறம் பற்றிய புகார் மட்டுமல்ல. அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, புதிதாகப் பட்டம் பெறுவோரில் நேரடியாகக் குதிரை மருத்துவத்துக்கு வருவோர் சுமார் 1.3 விழுக்காடு, வருவோரிலும் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் விலகிவிடுகிறார்கள். ஓய்வில்லாத அவசரப் பணி அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. இரவுப்பணியைத் தாங்கும் வருவாயை அரித்துக்கொண்டே இரவுப்பணி நிலைக்கும் என்று நம்புவது கண்ணை மூடிக்கொள்வதுதான்.

நான்காவது வாதம் சார்பின்மை. இதில் நியாயம் உண்டு, ஓர் எச்சரிக்கையும் உண்டு. மருத்துவர் அல்லாதவர்களும் நிலையங்களை வாங்கலாம் என்று 1999இல் பிரிட்டனில் வழி திறந்தது. அதன்பின் பெருநிறுவனங்கள் வரிசையாக வாங்கின. நாட்டின் போட்டிச் சந்தை ஆணையத்தின் கணக்கில், 2013இல் கால்நடை மருத்துவ நிலையங்களில் சுமார் 10 விழுக்காடு பெருங்குழுமங்களிடம் இருந்தது. 2021இல் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. பெயர்ப்பலகையில் பழைய பெயரே தொடர்வதால், இரண்டு நிலையங்களுக்கும் ஒரே முதலாளி என்பதை வாடிக்கையாளர் அறியாமலே இருக்கலாம். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு சுதந்திரமான கருத்து கிடைத்துவிடும் என்பது உறுதி இல்லை. ஆனால் ஒரு சூழலில் வேறு நிலையம் கட்டாயம் தேவை: குதிரை வாங்கும்போது. ஐந்து கட்டங்களாக நடக்கும் வாங்குமுன் பரிசோதனையை விற்பவரின் வழக்கமான மருத்துவரைக் கொண்டே செய்விப்பது, இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞரை அமர்த்துவது போன்றது. அங்கே வேற்று மருத்துவரை அழைப்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

இனி மறுதட்டு. பிரித்துக்கொள்வதன் உண்மையான விலை பணத்தில் இல்லை, மருந்தில் இருக்கிறது. பியூட் என்று லாயங்களில் புழங்கும் ஃபீனைல்பியூட்டசோனும், வயிற்றுவலிக்குப் போடும் ஃப்ளூனிக்சினும் ஒரே வகை வலிநிவாரணிகள். ஒரு நிலையம் நொண்டலுக்கு முன்னதைக் கொடுத்திருக்க, அதை அறியாத இன்னொரு நிலையம் பின்னதைப் போட்டால், இரைப்பைப் புண்ணும் பெருங்குடல் அழற்சியும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. டெட்டோமிடின் என்ற மயக்கமருந்தும், சிரை வழியாகச் செலுத்தும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா நுண்ணுயிர்க்கொல்லியும் ஒன்றுசேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். பல் தேய்க்க மயக்க ஊசி போட வருகிறவர், முந்தைய மணிநேரங்களில் வேறொருவர் என்ன செலுத்தினார் என்று அறியாமல் ஊசியைக் கையிலெடுக்கக் கூடாது.

மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. 15 வயது கடந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குப் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருக்கிறது. பழைய வழக்கில் குஷிங் நோய் என்பார்கள். இவற்றில் பலவற்றுக்கு இன்சுலின் சீர்கேடும் உண்டு. அப்படிப்பட்ட குதிரையின் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், குளம்பினுள் எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் திசு அழற்சியுற்று நெகிழும் லாமினைட்டிஸ் வரக்கூடும். எல்லாக் குதிரைக்கும் இந்த ஆபத்து பெரிதன்று. நோயுள்ள குதிரைக்குத்தான் பெரிது. எனவே எல்லாமே அந்த இரத்தப் பரிசோதனை முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு நிலையம் நோயைக் கண்டறிந்திருக்க, இன்னொரு நிலையம் மூட்டூசி போட்டால், இரண்டு மருத்துவர்களும் தத்தம் அளவில் சரியாகவே செய்திருப்பார்கள். குதிரைதான் நிற்க முடியாமல் கிடக்கும்.

வயிற்றுவலியில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. குடல் முறுக்கிக்கொண்ட குதிரைக்குச் சில மணிநேரமே அவகாசம். அறுவை தேவையா என்று முடிவெடுக்க மருத்துவர் பார்ப்பது வலியின் போக்கையும் நாடித் துடிப்பையும். காலையில் ஒருவர் போட்ட ஃப்ளூனிக்சின் வலியை மறைத்திருப்பது மாலையில் வரும் வேறொருவருக்குத் தெரியாவிட்டால், ஆபத்தில் இருக்கும் குதிரை தேறி வருவதாகத் தோன்றும்.

நொண்டலில் இரண்டு தட்டும் ஒரே சமயத்தில் கனக்கின்றன. லேசான நொண்டலை மதிப்பிடுவதில் அனுபவமிக்க மருத்துவர்களே அடிக்கடி மாறுபடுவார்கள். ஆகவே இரண்டாவது கண் பயனுள்ளது. அதே காரணத்தால், முன்னேற்றத்தை அளக்க ஒரே கண் தொடர்வதும் தேவை. ஒருவர் ஐந்துக்கு மதிப்பெண் இடுகிறார், இன்னொருவர் பத்துக்கு இடுகிறார். "மூன்று" என்று இருவரும் எழுதினால் இரண்டும் ஒன்றாகா. நோயைக் கண்டறிய இருவர் நல்லது. குணமாவதைக் கணிக்க ஒருவர் நல்லது.

"எல்லாவற்றையும் நானே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேனே" என்பார்கள். உண்மையிலேயே எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. ஆனால் நள்ளிரவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் லாயத்தின் பணியாள். குறிப்பேடோ உரிமையாளரின் வீட்டு மேசையறையில். குதிரையின் பாஸ்போர்ட் உதவாதா என்றால், அதில் இருப்பது அடையாளமும் மைக்ரோசிப் எண்ணும் தடுப்பூசிப் பதிவும், இறைச்சிக்கு ஆகுமா ஆகாதா என்ற குறிப்பும்தான். நோய் வரலாறு அதில் இல்லை. காப்பீட்டு நிறுவனமோ இழப்பீடு கேட்கும் நாளில் எல்லா நிலையங்களின் பதிவையும் கேட்கும். சொல்லாமல் விட்ட ஒரு பழைய நொண்டல் அன்றைக்கு இழப்பீட்டையே மறுக்கக் காரணமாகலாம்.

ஒரே நிலையத்தைப் பிடித்துத் தொங்குவதிலும் குறை உண்டு. தவறான கணிப்பு ஆண்டுக்கணக்கில் கேள்வியின்றித் தொடரலாம். இரவில் தொலைதூரத்திலிருந்து வரும் நிலையத்திடம் பழக்கத்தின் பேரில் ஒட்டிக்கொண்டிருப்பது குதிரைக்குச் செய்யும் தீங்கு. அத்தகைய நிலையத்தை விட்டு முற்றாக மாறிவிட வேண்டும். பாதி மாறுவதுதான் கூடாது. பழைய நிலையம் பதிவுகளை அனுப்பிவைக்கக் கடமைப்பட்டது. கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

செலவு வாதம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. காப்பு வாதம் தலைகீழாகிறது. நிபுணத்துவமும் சார்பின்மையும் நிற்கின்றன, ஆனால் முதல் மருத்துவர் அறிய நடந்தால் மட்டும். எனவே என் தீர்ப்பு இது: இரவில் உரிய நேரத்துக்குள் வந்துசேரக்கூடிய ஒரு நிலையத்தைத் தேர்ந்து, தடுப்பூசி முதல் பல் வரை வழக்கமான வேலை அனைத்தையும் அதற்கே கொடுக்க வேண்டும். நிபுணரிடமோ இரண்டாம் கருத்துக்கோ போகும்போது அவர்களிடம் சொல்லிவிட்டுப் போய், அறிக்கையை அவர்கள் கைக்குத் திருப்ப வேண்டும். மருத்துவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம். குதிரையின் வரலாறு ஓரிடத்தில் முழுதாக இருக்க வேண்டும். அதை ஒளித்துத்தான் இரண்டாவது நிலையத்தை வைத்துக்கொள்ள முடியும் என்றால், அந்த நிலையம் தேவையில்லை.