பிம்பமும் எலும்பும்

வகுப்பறைக்குள் சினிமாவைக் கொண்டுவருவது பற்றிப் பேசும்போது நம் கல்வியாளர்களுக்குக் கிடைக்கிற உவமை ஒன்றுதான்: கசப்பு மருந்துக்குத் தேன். பாடத்தையும் படத்தையும் ஒருசேர அவமதிக்கிற உவமை. 2022இல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடும் திட்டம் தொடங்கி, சாப்ளினின் 'தி கிட்' காட்டப்பட்டபோது, படத்தைப் படமாகவே பார்க்கவிட்டார்களே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் சொல்ல வந்தது வேறு பழக்கத்தைப் பற்றி. மூன்று நிமிஷத் துண்டொன்றை ஸ்மார்ட் போர்டில் ஓட்டி, அதைக் கொண்டு பூமியின் சரித்திரத்தையும், கூடவே விமர்சன புத்தியையும் கற்பிப்பது.

அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதைப் பார்த்தேன். 'ஜுராசிக் பார்க்'கின் (1993) ஆரம்பத்தில் வருகிற அகழ்வுக் காட்சி. முடிந்ததும் ஆசிரியர் பிழைகளைக் கேட்டார், பையன்கள் கத்தினார்கள். டைரனோசாரஸும் டிரைசெராடாப்ஸும் ஜுராசிக் காலத்தவை அல்ல, அடுத்து வந்த கிரெட்டேஷியஸ் காலத்தவை. வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவுதான், இறகும் உண்டு. எல்லாம் சரி. ஆனால் இது விமர்சனம் இல்லை, சிவப்பு மசி. நம் புத்தக மதிப்புரைகளில் பாதி இந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன. அதனால்தானோ என்னவோ இது எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காட்சியில் நிலத்துக்குள் ஒரு வெடியைச் செலுத்துகிறார்கள்; கம்ப்யூட்டர் திரையில் முழு எலும்புக்கூடும் அப்படியே தெரிகிறது. பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும், மிருகம் தயார். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் என்ன காணாமல் போயிற்று? காலம் போயிற்று. சினிமாவின் அடிப்படைக் காரியமே காலத்தை வெட்டுவது. பூமியியலுக்கோ காலம்தான் விஷயம். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் கல். சத்தத்தை நிறுத்திவிட்டு, வெட்டு விழும் இடத்தில் படத்தை நிறுத்தி, இதை ஒரு பையனிடம் கேட்டுப் பார்க்கலாம். பதில் வர நேரமாகும். அந்த நேரத்தை அனுமதிப்பதுதான் பாடம்.

வேறெந்த ஊரில் இது வீம்பாக இருந்தாலும், பெரம்பலூர் அரியலூரில் அப்படி இல்லை. இங்கே காலடியில் கிடப்பதே கிரெட்டேஷியஸ் கடல். ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இலேயே இந்தப் பாறைகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதிவிட்டார். காரை கிராமத்து அரித்த மேடுகளில் பெலம்னைட் - கணவாயின் தூரத்து உறவு, எஞ்சிய உள்ளோடு துப்பாக்கி ரவை மாதிரி இருக்கும் - பொறுக்கப் பொறுக்கக் கிடைக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சிப்பி அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கிறது. அதை வெட்டித்தான் சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். (டைனோசார் படம் ஓடிய கொட்டகைச் சுவரிலும் அந்தச் சிப்பி இருக்கலாம்.) சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாய்க் கல்லாகிப் படுத்திருக்கும் மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார். அது சுமார் 12 கோடி ஆண்டு என்பார்கள். காமிரா அதன் அடியிலிருந்து நுனிவரை பத்து விநாடியில் போய்விடும். நடந்து பார்க்கிறவனுக்கும் அதிக நேரம் ஆகாதுதான், ஆனால் அவன் குனிவான், தொடுவான், இது மரமா என்று சந்தேகப்படுவான்.

பிம்பம் எவ்வளவு தூரம் கண்ணைப் பழக்கிவிடுகிறது என்பதற்கு 2020இல் குன்னத்தில் நடந்ததே சாட்சி. மண் தோண்டிய இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசார் முட்டை என்று செய்தி பறந்தது. பூமியியலாளர்கள் வந்து, இல்லை, கடலடிச் சேற்றில் ஒரு கருவைச் சுற்றித் தாதுக்கள் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். அம்மோனைட் ஓடு போன்ற எதுவும் அப்படிக் கருவாக அமையலாம். ஊர்க்காரர்களைக் கேலி செய்ய எனக்கு இஷ்டமில்லை. வடிவத்தை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். பெயர் மட்டும் திரையிலிருந்து வந்தது. அந்தச் செய்தியையும் படத்தில் வரும் முட்டைக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்து, 'உடைத்தால் உள்ளே என்ன இருக்க வேண்டும்?' என்று கேட்கிற ஆசிரியர் ஒருவர் போதும்.

தமிழ்ப் படத்திலும் தேடலாம். 'தசாவதாரம்' (2008) 12ஆம் நூற்றாண்டில் கடலில் வீழ்த்தப்பட்ட விக்கிரகத்தில் தொடங்கி 2004 டிசம்பர் 26 சுனாமியில் முடிகிறது. முன்னால் நடந்தது பின்னால் நடந்ததற்குக் காரணம் என்ற மயக்கத்தை இவ்வளவு செலவழித்து வேறு யாரும் தமிழில் எடுத்ததில்லை. சுமத்ராவுக்கருகே ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் நழுவி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிளந்ததுதான் காரணம்; அலை நம் கரைக்கு வரச் சுமார் இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் படம் நமக்குக் காட்டாது. காட்டினால் கதை நின்றுபோகும்.

கடைசியாக, அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று கருத்து மாறியது. பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்ற ஊகமும் உண்டு. ஆனால் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன என்று 2017இல் அச்சில் வந்தது. எஞ்சியவை கோட்டுச் சித்திரங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும். ஸ்பீல்பர்க்கிடம் எலும்பில்லாத பிம்பம் இருக்கிறது; கல்லமேட்டில் எலும்பு போய்ப் பிம்பமும் சரியாக இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பலகையில் போட்டு, 'இதில் எதை நம்புவாய், எவ்வளவு நம்புவாய்?' என்று எட்டாம் வகுப்பில் கேட்கலாம். ஸ்மார்ட் போர்டு ஏற்கெனவே சுவரில்தான் இருக்கிறது.