மென்டலிசமும் மேடை மேஜிக்கும்: முத்துக்குறி காட்டும் வேறுபாடு

மென்டலிசம் என்பது பிறர் மனத்தில் உள்ளதை அறிவது, நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது, ஒருவரின் தேர்வை அவர் அறியாமலே திருப்புவது போன்ற தோற்றங்களை உண்டாக்கும் அரங்கக் கலை ஆகும். இதை நிகழ்த்துபவர் மென்டலிஸ்ட் எனப்படுகிறார். பொருள்களை மறைப்பது, வரவழைப்பது, வெட்டிச் சேர்ப்பது ஆகியவை மேடை மேஜிக்கின் வேலைகள். எண்ணங்களைக் கொண்டு அதே வியப்பை உண்டாக்குவது மென்டலிசத்தின் வேலை.

இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: மேஜிக் கைவேகம், மென்டலிசம் உளவியல். கல்லூரி விழா மேடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இந்த விடையே திரும்பத் திரும்ப வருகிறது. திருச்சிராப்பள்ளி போலக் கல்லூரிகள் நிறைந்த ஊரில் இக்கலையைக் கற்க விரும்பும் மாணவர் முதலில் கேட்பதும் இதைத்தான். இந்த விடை தவறானது. கேட்பவருக்குத் தீங்கும் செய்யக்கூடியது.

கருவிகள் ஒன்றே

மென்டலிசம் கற்பவர்களின் அடிப்படைப் பாடநூலாகக் கருதப்படுவது டோனி கொரிண்டா எழுதிய 'மென்டலிசத்துக்குப் பதின்மூன்று படிகள்' என்ற ஆங்கில நூல். 1950களின் இறுதியில் தனித்தனிச் சிறு நூல்களாக வரத் தொடங்கிப் பின்னர் ஒரே நூலானது. உளவியலைத் தேடி இதைத் திறப்பவர் முதல் படியிலேயே ஏமாறுவார். அது கட்டைவிரல் நகத்தில் மறைத்து எழுதும் மிகச் சிறிய எழுதுமுனை பற்றியது. பார்வையாளர் தன் எண்ணைச் சொன்ன பிறகு கையிலுள்ள சீட்டில் அதை இரகசியமாக எழுதி, முன்பே எழுதியதாகக் காட்டுவதற்கான கருவி. அதற்கு அந்தத் துறையினர் வைத்திருக்கும் பெயர் 'சுவாமி'.

மற்றப் படிகளும் இவ்வாறே செல்கின்றன. மடித்த சீட்டை இரகசியமாகப் படிப்பது, புத்தகத்தில் ஒரு சொல்லை நினைக்கச் சொல்லிக் கண்டறிவது, இருவர் தமக்குள் சங்கேத மொழி வைத்துக்கொள்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பது ஆகிய எல்லாவற்றிலும் கைத்திறனும் கருவியும் முன்னேற்பாடும் உள்ளன. கண்கட்டிப் பார்க்கும் வித்தையை மேடை மேஜிக்கின் பேரரசர்களில் ஒருவரான பி. சி. சர்க்காரும் (1913–1971) தன் காட்சிகளில் நிகழ்த்தினார். ஒரே வித்தை இரண்டு கலைகளிலும் இருக்கும்போது செய்முறையை வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது.

விளக்கமே வித்தை

வேறுபாடு, நிகழ்த்துபவர் தன் செயலுக்குத் தரும் விளக்கத்தில் இருக்கிறது. மேஜிக்காரர் விளக்கம் எதுவும் தருவதில்லை. 1956 ஏப்ரலில் லண்டன் பிபிசி தொலைக்காட்சியில் சர்க்கார் ஒரு பெண்ணை இரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அவள் எழுவதற்குள் நிகழ்ச்சி சட்டென முடிந்துவிட்டதால், பதறிய நேயர்கள் தொலைபேசியில் விசாரித்தனர். பெண் நலம் என்று தெரிந்ததும் பதற்றம் அடங்கியது. மனித உடல் அறுபட்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் முடிவு கட்டவில்லை.

மென்டலிஸ்ட் அப்படி விடுவதில்லை. 'உங்கள் கண் இடப்பக்கம் போனது, அதனால் கண்டுபிடித்தேன்', 'உங்கள் உடல்மொழி சொல்லிவிட்டது' என்று காரணம் சொல்கிறார். உண்மையில் சீட்டை முன்பே பார்த்திருப்பார். சீட்டைப் பார்த்தது ஒரு மறைப்பு. கண்ணசைவால் அறிந்ததாகச் சொன்னது இன்னொன்று. மேஜிக்கில் இல்லாத இந்த இரண்டாவது மறைப்பே மென்டலிசத்தின் தனி அடையாளம்.

இதனால் என்ன கெடுதி என்று கேட்கலாம். நாடகத்தில் அரசனாக நடிப்பவர் 'நான் அரசன் அல்ல' என்று அறிவிப்பதில்லையே என்பது மென்டலிஸ்ட்டுகள் தரப்பு வாதம். ஆனால் திரை விழுந்ததும் அரசனின் அரசு முடிந்துவிடுகிறது. மென்டலிஸ்ட் சொன்ன காரணமோ பார்வையாளருடன் வீட்டுக்குப் போகிறது. கண்ணசைவைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பியவர் நாளை ஆசிரியராகவோ, காவலராகவோ, நேர்முகத் தேர்வு நடத்துபவராகவோ அமர்வார்.

ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பாண்ட், டிபாலோ ஆகியோர் 2006இல் 200க்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் சராசரியாக 54 விழுக்காடே சரியாக இருந்தனர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் 50 கிடைக்கும். கண் செல்லும் திசைக்கும் பொய்க்கும் தொடர்பு இல்லை என்பதை ரிச்சர்ட் வைஸ்மன் குழு 2012இல் காட்டியது. 2018இல் குஸ்டாவ் குன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. மனம் படிக்கும் வித்தையைப் பார்த்த மாணவர்களிடம், இத்தகைய உளவியல் திறன் உண்மையில் சாத்தியம் என்ற நம்பிக்கை கூடியது. நிகழ்த்துபவர் உளவியலாளர் என்று சொல்லப்பட்டாலும், மேஜிக்காரர் என்று சொல்லப்பட்டாலும் விளைவு மாறவில்லை. 'இது பொழுதுபோக்குக்கு மட்டும்' என்று தொடக்கத்தில் சொல்லும் ஒற்றை வரி போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

முத்துக்குறியும் படித்துறைக் குறியும்

மனத்தில் உள்ளதைச் சொல்லும் கலை தமிழருக்குப் புதிதல்ல. கட்டுவிச்சியும் குறத்தியும் இலக்கியத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவை ஒட்டி நிகழும் அரையர் சேவையில் முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தை ஒட்டி அமைந்தது அது. பெருமாள் மீது காதல் கொண்டு மெலிந்த மகள், காரணம் தெரியாமல் தவிக்கும் தாய், முத்துகளைக் கொண்டு குறி பார்க்கும் கட்டுவிச்சி என மூவராகவும் அரையர் ஒருவரே அபிநயிக்கிறார். பக்தர்களுக்கு இது வழிபாடு. அதன் அரங்க அமைப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறியின் விடை கூடியிருப்போர் அனைவருக்கும் முன்பே தெரியும். கட்டுவிச்சி கண்டுபிடித்துவிட்டாள் என்று யாரும் வியப்பதில்லை. இருந்தும் மனம் உருகுகிறது. குறி உண்மை என்று நம்பவைக்காமலே குறியைக் கலையாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே ஊரில் காவிரிப் படித்துறை, கோயில் தெரு என மக்கள் கூடும் இடங்களில் கைரேகையும் கிளி ஜோசியமும் வேறு வகையாக நடக்கின்றன. 'நாலு பேருக்கு நல்லது செஞ்சிருக்கே, உனக்குன்னு வரும்போது யாரும் நிக்கல', 'வீட்ல ஒரு காகிதப் பிரச்சனை இழுத்துக்கிட்டே இருக்கு' என்ற சொற்களைக் கேட்டுத் தலையசைக்காதவர் குறைவு. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்குத் தனித்தனி ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரே குறிப்பையே கொடுத்தார். வாக்கியங்கள் பெரும்பாலும் சோதிட நூல் ஒன்றிலிருந்து எடுத்தவை. மாணவர்கள் அதன் பொருத்தத்துக்கு 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் வழங்கினர். மென்டலிஸ்ட்டுகள் 'கோல்டு ரீடிங்' என்று சொல்லும் முறை இதுவே: பொதுவானதைச் சொல்லி, முகம் மாறும் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே செல்வது.

முத்துக்குறியில் குறி, கலை என்று அறிந்தே பார்க்கப்படுகிறது. படித்துறையில் அது ஒருவரின் கவலைக்கு விடையாக விற்கப்படுகிறது. மென்டலிசம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பது நிகழ்த்துபவரின் கையில் உள்ளது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், அற்புத ஆற்றலை மோசடியற்ற சூழலில் மெய்ப்பிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும் வரை யாரும் அதை வெல்லவில்லை.

கற்பது எப்படி

மென்டலிசத்தில் நேர்மையாகப் பயிலத்தக்க திறன்கள் பல உள்ளன. கீழ்க்காணும் வரிசை தொடக்க நிலை மாணவருக்கு உதவும்.

1. நினைவுக்கலை. கொரிண்டாவின் மூன்றாவது படி இது. நன்கு அறிந்த ஒரு பாதையின் இடங்களில் நினைக்க வேண்டிய பொருள்களை மனத்தால் வைத்துச் செல்ல வேண்டும். திருவரங்கத்து மாணவருக்கு ராஜகோபுரம், தெற்குச் சித்திரை வீதி, தெற்கு உத்திர வீதி, ரங்கா ரங்கா கோபுரம், கருட மண்டபம் என்று ஆயத்தமான பாதை இருக்கிறது. நண்பர்கள் சொல்லும் 20 சொற்களை முன்னும் பின்னுமாகச் சொல்லப் பழகலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தமிழில் கவனகம் என்று வளர்ந்த கலையும் இதே நிலத்தில் நிற்பது. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களில் கவனம் வைத்துச் சதாவதானம் நிகழ்த்தினார். அவர் காட்டிய ஆற்றலும் அவரிடம் இருந்த ஆற்றலும் ஒன்றே.

2. பொதுத் தேர்வுகளை அறிதல். ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் நினைக்கச் சொன்னால் பலர் ஏழு என்பர். பூ, நிறம், திருச்சியில் ஓர் இடம் என்று ஐந்தாறு கேள்விகளை 50 பேரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மேடையில் நம்பத்தக்கது சொந்தக் கணக்கு மட்டுமே.

3. தேர்வைத் திருப்புதல். இதை 'ஃபோர்ஸ்' என்பர். மேசையில் சாவியும் பேனாவும் உள்ளன, சாவி வேண்டும். அவர் சாவியைத் தொட்டால் 'அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றும், பேனாவைத் தொட்டால் 'அதை ஒதுக்கிவிடுவோம்' என்றும் சொன்னால் இரண்டு வழியிலும் சாவிதான் மிஞ்சும். தயக்கமின்றிச் சொல்லும் பழக்கமே இதில் பாதி வெற்றி.

4. தசை வாசிப்பு. ஒருவர் ஒளித்த பொருளை, அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நடந்து கண்டுபிடிப்பது. சரியான திசையில் அவர் கை தன்னறியாமல் இணங்கும், தவறான திசையில் தடுக்கும். பெர்லினில் கணக்குப் போட்டதாகப் புகழ்பெற்ற 'ஹான்ஸ்' குதிரை, கேட்பவரின் சிறு அசைவுகளைப் பார்த்தே குளம்படியை நிறுத்தியது என்பதை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் விளக்கினார். அதே கொள்கைதான் இங்கும்.

5. பேச்சு. கொரிண்டாவின் கடைசிப் படி இது. ஒவ்வொரு வித்தைக்கும் பேசவேண்டியதை எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு வித்தையை ஐம்பது முறை செய்வது, ஐம்பது வித்தைகளை ஒருமுறை செய்வதைவிடப் பயன் தரும்.

பேச்சை எழுதும்போது இரண்டு வரம்புகள் தேவை. நோய், இறந்த உறவு, திருமணம், வேலை ஆகியவற்றைத் தொடக்கூடாது. சீட்டைப் பார்த்து அறிந்ததை உடல்மொழியால் அறிந்ததாகச் சொல்லக்கூடாது. விளக்கமே சொல்லாமல் விடலாம். அல்லது வித்தையை ஒரு கதைக்குள் வைத்து, அது கதை என்று எல்லோரும் அறியும்படி நடிக்கலாம்.

மதிப்பீடு

மென்டலிசம் இளையது என்றோ மேலானது என்றோ மேஜிக்குக்கு எதிராக நிறுத்துவதில் பொருள் இல்லை. மேஜிக்கின் கருவிகளையே கொண்டு, அதைவிட ஆழமாக நம்பவைக்கும் கலை அது. எனவே அதைவிடக் கூடுதல் பொறுப்பும் அதற்கு உண்டு. பொய் விளக்கத்தை நீக்கினால் வித்தையின் சுவை போய்விடும் என்ற அச்சம் பல மென்டலிஸ்ட்டுகளிடம் உள்ளது. விடை தெரிந்த குறியை ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கும் ஊரில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. திருவரங்கத்தில் வளர்ந்து திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதா, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற தலைப்பில் தமிழ் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். நல்ல மென்டலிசக் காட்சி முடிந்து வெளியே வரும் மாணவர் கேட்கவேண்டியதும் அந்த மூன்றாவது கேள்விதான். பொய்யான விடை ஒன்றைக் கையில் கொடுத்து அந்தக் கேள்வியை மேடையிலேயே அடைத்துவிடும் நிகழ்ச்சி, எத்தனை கைதட்டல் பெற்றாலும் குறையுடையதே.